மேசை தட்டும் மன்றத்தில் கிடுக்கி

அந்த நகர மன்றக் கூடத்தில் கண்ணாடித் தம்ளர் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. குடிநீர்க் குழாய் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில் ஒரு தம்ளர் பறந்துபோய் ஓர் உறுப்பினரின் புருவத்தைப் பிளந்தது. அன்றிலிருந்து காகிதக் குவளை. காகிதம் பறக்காமலிருக்க மேசைகளில் வைத்திருந்த கண்ணாடிக் குண்டுகள் குப்பை வண்டி விவாதத்தின்போது பறந்தன. அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தார்கள். நாற்காலிகளைத் தலைக்கு மேல் தூக்க ஆரம்பித்ததும் அவற்றைத் தரையோடு திருகாணி போட்டு இறுக்கினார்கள். மைக்குகளின் கழுத்து நீளமாக, வளைத்து அடிக்கத் தோதாக இருந்தது. அதையும் நறுக்கிவிட்டார்கள். இப்போது பேசுகிறவர் மேசைக்கு முத்தம் கொடுப்பதுபோலக் குனிந்துதான் பேச வேண்டும்.

"இன்னும் எடுக்காம விட்டிருக்கிறது மனுஷங்களை மட்டும்தான். அவங்களையும் எடுத்துட்டா கூட்டம் ஒழுங்கா நடக்கும்" என்பார் மன்றச் செயலர்.

மனிதர்களை எடுக்கிற வேலை கிடுக்கியுடையது.

கிடுக்கி மன்றக் காவலர். மன்றத்துக்குப் பெண் உறுப்பினர்கள் வர ஆரம்பித்தபோது, அவர்களை ஆண் காவலர்கள் தொட்டுத் தூக்கினால் அதற்கென்று இன்னொரு சண்டை வரும் என்று பயந்து ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்தார்கள். அந்த ஒரே பெண் இவள்தான். மேயர் முன்னால் ஒரு பித்தளைக் கைமணி இருக்கும். அதை அவர் ஆட்டினால் எச்சரிக்கை. ஆட்டாமல் படுக்க வைத்துவிட்டால், இந்த உறுப்பினரை வெளியே கொண்டு போ என்று அர்த்தம். மணி படுக்காமல் காவலர் எந்த உறுப்பினரையும் தொடக் கூடாது. தொட்டால் வேலைக்கு உலை.

மணி படுத்தால் கிடுக்கி சுவரை விட்டு நகர்வாள். ஓட மாட்டாள். பின்பக்கமாகப் போய் இரண்டு அக்குளிலும் கை நுழைத்து, எதிராளியின் நெஞ்சுக்கு முன்னால் தன் மணிக்கட்டைத் தானே பிடித்துக்கொள்வாள். அதற்கப்புறம் அந்தப் பூட்டு திறக்க அவள்தான் மனசு வைக்க வேண்டும். முடியைப் பிடிக்க மாட்டாள், துணியைப் பிடிக்க மாட்டாள். கையோடு பிய்ந்து வருகிற எதையும் பிடிக்கக் கூடாது என்பது அவளே போட்டுக்கொண்ட சட்டம். திமிறுகிறவர்களின் குதிகால் அவள் முழங்காலில் இடிக்கும். பின்மண்டை அவள் மூக்கில் மோதும். ஒரு தடவை மூக்கெலும்பு நொறுங்கி, அது சேர்ந்தபோது கொஞ்சம் இடப்பக்கமாகவே சேர்ந்துவிட்டது.

அவள் அதிகமாகத் தூக்கியது பேக்கரிக்காரம்மாவை. ஊர் நடுவில் பேக்கரி வைத்திருக்கிற அந்த உறுப்பினர் பேசிக்கொண்டே இருப்பார், மணி படுத்துவிட்டால் கடிப்பார். கிடுக்கியின் முழங்கைக்குக் கீழே பல்வரிசை பழைய தழும்பும் புதுத் தழும்புமாக நெல் விதைத்த மாதிரி இருக்கும். மேயர் தொழிலால் பல் டாக்டர். ஒரு நாள் அந்தத் தழும்பைக் குனிந்து பார்த்துவிட்டு, "கீழ்ப்பல் ஒண்ணு ஆடுது போல. அந்தம்மாவை க்ளினிக்குக்கு வரச் சொல்லு" என்றார்.

கூட்டத்துக்கு மறுநாள் காலையில் பேக்கரி வழியாகத்தான் கிடுக்கி வேலைக்குப் போவாள்.

"கை வீங்கியிருக்காடி?"

"அதெல்லாம் இல்லம்மா. உங்க பல்லு எப்படி இருக்கு?"

"பல்லுக்கென்ன. நீ விலாவைப் பிடிச்ச பிடியில எனக்கு மூச்சே நின்னுபோச்சு."

"மூச்சு நின்னாத்தானே பேச்சு நிக்கும்."

அந்தம்மா முறைத்துக்கொண்டே சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றி நீட்டுவார். இரண்டு பேருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபம் இருந்ததில்லை. இருந்தது வேலை மட்டும்தான்.

அந்தப் பிடி டிரம் சந்தில் வந்த பிடி. எண்ணெய் டிரம், பெயின்ட் டிரம், அமில டிரம் என்று ஊரில் காலியாகிற தகர டிரம் எல்லாம் அந்தச் சந்துக்குத்தான் உருண்டு வரும். மூடியை வெட்டி, உடம்பைக் கிழித்து, மரச்சுத்தியால் அடித்து அடித்துத் தட்டையான தகடாக்கி விற்பார்கள். காலையில் ஆரம்பிக்கிற அடி சாயங்காலம்தான் ஓயும். அங்கே யாரும் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. காதலைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டும், மூன்று வீட்டுக்குத் தெரியும்படி. நடக்கப் பழகிய நாளிலிருந்து டிரம் உருட்டிய கிடுக்கிக்கு, விரல் நுனியால் டிரம்மின் விளிம்பைப் பிடித்துத் தூக்குவது மற்றவர்கள் குடத்தைத் தூக்குவதுபோல.

அவள் கணவன் டிரம் வெட்டுகிறவன். கழுவிவிட்டார்கள் என்று நம்பி ஒரு பெயின்ட் டிரம்மை வெட்ட அவன் நெருப்பு வைத்தபோது உள்ளே மிச்சமிருந்த ஆவி பிடித்துக்கொண்டது. மூடி கூரையைப் பொத்துக்கொண்டு அடுத்த தெருவில் போய் விழுந்தது. டிரம் விரிந்து அவன் மார்பைத் திறந்தது. கிடுக்கி ஓடி வந்து, பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்து, நெஞ்சுக்கு முன்னால் தன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவனை இழுத்து வந்தாள். மூடிப் பிடித்தால் உள்ளே இருப்பது வெளியே வராது என்று அப்போது அவளுக்குத் தோன்றியதாம். வைத்தியசாலை வாசலில் அந்தக் கையைப் பிரிக்க இரண்டு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

அந்தச் சாவுக்கு நியாயம் கேட்டு மன்ற வாசலில் போய்க் கத்தியவன் அவள் தம்பி. கத்திக் கத்தியே அவன் எதிர்த் தரப்பில் சேர்ந்து சந்துக்கு உறுப்பினரானான். அக்காவுக்குக் காவலர் வேலை கிடைத்ததும் அந்தக் கத்தலில்தான். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் அவள் வீடு, அந்தப் பக்கம் அவன் குடும்பம். அந்தச் சுவரும் தட்டையாக்கிய டிரம் தகடுதான், அவள் கணவன் அடித்தது. வேறு இடம் பார்த்துப் போகச் சொன்னவர்களுக்கு அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: "எனக்குச் சத்தம் இல்லாம பொழுது விடியாது."

தம்பிக்கு முன்கோபம். மூக்குக்கு மேலே வருகிற கோபமில்லை, முஷ்டிக்கு வருகிற கோபம். கூட்டம் தவறாமல் ஆண் காவலர்கள் அவனைக் கால் ஒன்று கை ஒன்றாகத் தூக்கிப் போவார்கள். கிடுக்கி சுவரோரம் நின்று கூரையைப் பார்ப்பாள். சாயங்காலம் வீட்டில்தான் விசாரணை.

"சட்டைப் பொத்தான் எங்கடா?"

"லாரிக்காரன் கையில இருக்கும்க்கா."

"அவன் சட்டை?"

"அது என்கிட்ட இருக்கு."

லாரிக்காரர் என்பவர் வரிசையாக லாரிகள் வைத்திருக்கிற ஆளும் தரப்பு உறுப்பினர். நிறுத்த இடமில்லாமல் அவை ஊர் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். டிரம் சந்தை எடுத்துவிட்டு அங்கே லாரி நிறுத்துமிடம் கட்ட வேண்டும் என்ற பொருளை அவர் கூட்டத்துக்குக் கூட்டம் நிரலில் சேர்த்துவிடுவார். கூட்டத்துக்குக் கூட்டம் அது தள்ளிப்போகும். காரணம், மேசை.

இந்த மன்றத்தில் கை தூக்குகிற வழக்கமில்லை. செயலர் பொருளைப் படிப்பார், மேயர் "ஏற்கலாமா?" என்பார், உறுப்பினர்கள் மேசையைத் தட்டுவார்கள். பலமாகத் தட்டினால் தீர்மானம் நிறைவேறியது. தட்டு விழாவிட்டால் பொருள் கிடப்பில். டிரம் சந்துக்காரர்களின் மாமன், மச்சான், சம்பந்தி எல்லாம் சுற்றியுள்ள எல்லா வார்டிலும் ஓட்டுப் போடுகிறவர்கள். அதனால் லாரிக்காரரின் பொருள் வரும்போது ஆளும் தரப்பிலும் சரி, எதிர்த் தரப்பிலும் சரி, எல்லாரும் மூக்கைச் சொறிவார்கள், செருப்பைத் தேடுவார்கள். தனியாகத் தட்டினால் கை யாருடையது என்று ஊருக்குத் தெரிந்துவிடும். லாரிக்காரரே தட்ட மாட்டார்.

ஆனால் அடிதடி நடக்கிற நாளில் தட்டுக்குப் பஞ்சமில்லை. யார் முஷ்டி, யார் முழங்கை, யார் மண்டை என்று தெரியாமல் மேசைகள் அதிரும். மேயர் கூட்டத்தைக் கலைக்க மாட்டார். மைக்கில் உதட்டை வைத்து, பல் பிடுங்கும்போது நோயாளியிடம் பேசுகிற அதே மெல்லிய குரலில், பொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார். "ஏற்கலாமா? நிறைவேறியது. ஏற்கலாமா? நிறைவேறியது." அலுவலகத்தில் இந்த மாதிரி நாளுக்கு அறுவடை என்று பெயர். சாக்கடை மூடியும் பூங்கா பெஞ்சும் அப்படித்தான் நிறைவேறின. அதனால் யாருக்கும் ரத்தத்தைத் தவிர வேறு நஷ்டம் வந்ததில்லை, அந்த ஒரு நாள் வரைக்கும்.

அன்றைக்குத் தெரு நாய்களைப் பற்றிய விவாதம். தம்பி எழுந்து, நாய்களைக் கொல்லக் கூடாது, ஊசி போட வேண்டும் என்றான்.

"இனம் இனத்துக்காகப் பேசுது" என்றார் லாரிக்காரர்.

தம்பி மேசை மேல் ஏறி இறங்கியபோது லாரிக்காரரின் கழுத்து அவன் கையில் இருந்தது. லாரிக்காரரின் ஆள் ஒருவன் பின்னாலிருந்து அவன் காதைப் பிடித்துத் திருகினான். காது மடல் கிழிந்து சட்டைக் காலர் சிவந்தது. எதிர்த் தரப்பு எழுந்தது. ஆளும் தரப்பு எழுந்தது. யாரோ யாருடைய கண்ணாடியையோ மிதித்தார்கள், யாரோ சுவரோடு சேர்த்து யாரையோ அமுக்கினார்கள். பேக்கரிக்காரம்மா நாய் விவகாரத்தில் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் செருப்பு கையில் இருந்தது. மணி படுத்தது. கிடுக்கி நகர்ந்தாள்.

அவள் அந்தம்மாவை அணைத்துப் பூட்டிய நேரத்தில் நாலு பேர் தம்பியை அவனுடைய மேசை மேலேயே மல்லாத்தி அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு எழ வழியில்லை. இரண்டு முஷ்டியாலும் மேசையைக் குத்தினான். "விடுங்கடா" என்று குத்தினான், குதிகாலால் உதைத்தான், கெட்ட வார்த்தைக்கு ஒன்று வீதம் குத்தினான். லாரிக்காரர் மட்டும் கழுத்தைத் தடவிக்கொண்டு மேயர் பக்கம் பார்த்துத் தலையசைத்தார்.

"அடுத்த பொருள். டிரம் சந்தை அகற்றி லாரி நிறுத்துமிடம் அமைத்தல். ஏற்கலாமா?" என்றது மெல்லிய குரல்.

மேசை அதிர்ந்தது. அந்தக் கூடத்திலேயே பலமான தட்டு தம்பியுடையதாக இருந்தது.

"நிறைவேறியது."

கிடுக்கியின் முன்கையில் பதிந்திருந்த பற்கள் விலகின. "அது உங்க சந்தாச்சேடி?" என்றார் பேக்கரிக்காரம்மா, அவள் பிடியில் தொங்கியபடியே.

மூன்றாம் நாள் நில அளவைக்காரர்கள் சந்துக்கு வந்து கதவுகளில் சிவப்புப் பெயின்டால் குறி போட்டார்கள். என்ன ஏது என்று கேட்டவர்களிடம், உங்கள் உறுப்பினரும் சேர்ந்து தட்டி ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் என்றார்கள். சந்தில் சுத்தியல் சத்தம் நின்றது. பகலில் அது நின்று அங்கே பிறந்த பிள்ளைகள் பார்த்ததில்லை.

கிடுக்கி வேலை முடிந்து வந்தபோது சந்து முனையில் கூட்டம் வட்டம் கட்டியிருந்தது. நடுவில் தம்பி. ஒரு பெண் அவன் முகத்தில் மாறி மாறி அறைந்துகொண்டிருந்தாள், அவன் தடுக்கவில்லை. டிரம் வெட்டுகிறவன் ஒருவன் மரச்சுத்தியோடு சுற்றி வந்தான்.

"நீயே தட்டிட்டு வந்தியாமே. உனக்கு அங்க என்ன, லாரி ஓட்டுற வேலையா தர்றாங்க?"

"நான் தட்டலைண்ணே."

"அப்ப உன் கை தானா தட்டிச்சா?"

"நான் குத்தினது அவங்களைத்தான்ணே. மேசை நடுவுல இருந்துச்சு."

சுத்தியின் பிடி அவன் வாயில் விழுந்தது. அவன் உட்கார்ந்ததும் கால்கள் விழ ஆரம்பித்தன: வயிற்றில், முதுகில், ஏற்கெனவே கிழிந்திருந்த காதில். அதில் பாதிப் பேரை அவன் அண்ணே, மச்சான் என்று கூப்பிட்டு வளர்ந்தவன். கிடுக்கி கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள். வேறு வழி அவளுக்குத் தெரியாது. பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துப் பூட்டி, அவனைப் பின்னுக்கு இழுத்தாள். அவனுக்கு விழ வேண்டியதில் மீதி அவள் தோளிலும் மண்டையிலும் விழுந்தது.

"விடு கிடுக்கி. உன் வீடும்தான் போகுது. உனக்கு உறைக்கலையா?"

"உறைக்குது. இவனைக் கொன்னா குறி அழிஞ்சிருமா?"

வட்டம் கலைந்தது. ஆனாலும் போகிற போக்கில் ஒருவன் அவள் விலாவில் ஓர் உதை விட்டுத்தான் போனான்.

மறுநாள் காலை தம்பியைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள். ஊரில் இருந்த ஒரே பல் டாக்டர் மேயர்தான். சாய்வு நாற்காலியில் தம்பி வாயைப் பிளந்து படுத்திருந்தான். முன்பல் ஒன்று பாதியில் ஒடிந்து, வேர் ஈறில் குத்தி நின்றது.

"இதைக் காப்பாத்த முடியாது. எடுத்துடலாம்" என்றார் மேயர்.

"சந்தை?" என்றாள் கிடுக்கி.

மேயர் முகமூடிக்கு மேலே அவளைப் பார்த்தார். "அது நிறைவேறிடுச்சேம்மா."

"நிறைவேறலைன்னு உங்களுக்கே தெரியும் சார்."

தம்பி ஏதோ சொல்ல முயன்றான். மேயர் குறடை உள்ளே விட்டதும் அது வெறும் ஊளையாக வந்தது. அவர் நிதானமாக ஆட்டி ஆட்டி இழுத்துக்கொண்டே பேசினார்.

"அடுத்த கூட்டத்துல முதல் வேலை என்ன? போன கூட்டத்து நடவடிக்கையை உறுதி செய்யணும். ஒவ்வொரு தீர்மானத்தையும் படிச்சு மூணு தடவை கேட்பேன். மேசை தட்டினா அது கல்லுல எழுதினது. மூணு தடவையும் சத்தமே வரலைன்னா, நான் திரும்ப விவாதத்துக்கு எடுத்தே ஆகணும். விதி அது." வேர் நரநரவென்று நகர்ந்தது. தம்பியின் கால்கள் நாற்காலியை உதைத்தன. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க, முடிஞ்சிரும். ஆனா அந்த மூணு தடவைக்குள்ள உங்க பக்கம் ஒரு கை கலப்பு வந்துச்சுன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. சத்தம் சத்தம்தான்."

"கை கலப்பு வந்தா மணியைப் படுக்க வைங்க."

மேயர் பல்லை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "லாரிக்காரர் ஆளுங்க எனக்குக் கொடுக்கிற ஆதரவை எடுத்துட்டா, அப்புறம் நான் முழு நேரமும் பல்லுதான் பிடுங்கிட்டு இருக்கணும்" என்று சொல்லி அதைக் கிண்ணத்தில் போட்டார்.

ஆக, வேண்டியது இவ்வளவுதான்: அந்தக் கூடத்தில், அந்த மனிதர்களிடையே, ஒரு பொருளை மூன்று தடவை கேட்டு முடிக்கிற நேரத்துக்கு அமைதி. அங்கே அவ்வளவு நேரம் அமைதி இருந்து கிடுக்கி பார்த்ததில்லை. இரங்கல் தீர்மானத்துக்கு எழுந்து நின்றபோதுகூட இரண்டு பேர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

தம்பி எதிர்த் தரப்பில் ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னை அவன் வெட்டினாலும் நீங்க எந்திரிக்காதீங்க." கூட்டத்தன்று காலை அக்காவிடம் வந்து நின்றான். வீங்கிய உதட்டில் சிரிக்கப் பார்த்தான்.

"ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உட்கார்ந்துக்கிறேன்க்கா."

"காலு?"

"காலையும் பின்னிக்கிறேன்."

"வாயி?"

"அதுலதான் பல்லே இல்லையே."

கூட்டம் ஆரம்பித்தது. செயலர் நாய் ஊசித் தீர்மானத்தைப் படித்தார், மேசைகள் தட்டின, உறுதியானது. அடுத்து டிரம் சந்து.

"உறுதி செய்யலாமா?" என்றார் மேயர்.

சத்தமில்லை. மின்விசிறி கரகரத்தது. தம்பி கைகள் மேல் உட்கார்ந்திருந்தான். எதிர்த் தரப்பு முழுக்கக் கைகளைக் கட்டிக்கொண்டு, படம் பிடிக்க உட்கார்ந்த குடும்பம்போல இருந்தது. பேக்கரிக்காரம்மா செருப்பைக் கழற்றி மடியில் வைத்து அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

லாரிக்காரர் எழுந்தார். அவசரமில்லாமல் நடந்து தம்பியின் முன்னால் வந்து நின்றார்.

"என்ன தம்பி, பல்லோட பேச்சும் போச்சா?"

அறைந்தார். தம்பியின் தலை ஒரு பக்கம் திரும்பி மெல்ல நேரானது. மறுபடி அறைந்தார், கிழிந்து தையல் போட்டிருந்த காதின் மேலேயே. தையல் விட்டது. தம்பியின் கண்ணில் நீர் கொட்டியது. கைகள் தொடைக்கு அடியிலேயே இருந்தன. கிடுக்கி மணியைப் பார்த்தாள். மணி நின்றுகொண்டிருந்தது. மேயர் காகிதத்தில் இல்லாத எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"இரண்டாம் தடவையாகக் கேட்கிறேன். உறுதி செய்யலாமா?"

அறைகிற சத்தம் மேசைச் சத்தமில்லை என்பது லாரிக்காரருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தம்பியின் முடியைக் கொத்தாகப் பிடித்து, நெற்றியை மேசையில் ஓங்கி மோதினார்.

மரம் அதிர்ந்தது. நல்ல, கனமான தட்டு. ஒற்றைத் தட்டை மன்றத்தின் தட்டாக எழுதலாமா என்று தெரியாமல் செயலரின் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது; இன்னொன்று விழுந்தால் எழுதிவிடும். லாரிக்காரரின் ஆட்கள் இரண்டு பேர், அந்தச் சத்தத்தோடு சத்தமாகக் கலந்துவிட, தங்கள் உள்ளங்கைகளை மேசைக்கு மேலே தூக்கினார்கள். தலை மறுபடி மேலே போனது, தம்பியின் மூக்கிலிருந்து ரத்தம் நூலாக நீண்டது.

கிடுக்கி வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கூடத்தில் ஓடினாள்.

லாரிக்காரரை அவள் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் எதிர்த் தரப்பு எழுந்திருக்கும், கூடம் அதிர்ந்திருக்கும், அறுவடை முடிந்திருக்கும். அவள் தன் இரண்டு கையையும் மேசைமேல் மலர்த்தி வைத்தாள். தம்பியின் நெற்றி அவற்றின்மேல் வந்து விழுந்தது.

சத்தமில்லை. இன்னும் சொன்னால், மிகச் சின்னதாக ஒரு சத்தம், காய்ந்த குச்சி ஒடிவதுபோல. அது அவள் விரல். லாரிக்காரர் மறுபடி மோதினார். அவருக்கு மூச்சிரைத்தது. இன்னொரு விரல். நெற்றிக்கும் மரத்துக்கும் நடுவில் அவள் கைகள் பிசைந்த மாவாகிக்கொண்டிருந்தன. வலியில் அவள் வாய் திறந்தது; கத்தினால் எதிர்த் தரப்பு எழுந்துவிடும் என்று திறந்த வாயை அப்படியே வைத்துக்கொண்டாள். தம்பி அவள் உள்ளங்கைக்குள்ளேயே, "அக்கா, எடு, எடு" என்று முனகினான்.

தூக்கிய கைகளோடு லாரிக்காரரின் ஆட்கள் தயங்கினார்கள். கலந்துகொள்ள அங்கே வேறு சத்தம் இல்லை.

"தட்டுங்க சார்" என்றார் பேக்கரிக்காரம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தே, ரொட்டி வாங்க வந்தவர்களிடம் பேசுகிற குரலில். "நல்லா பலமா தட்டுங்க. எந்தக் கைன்னு நாங்க எல்லாரும் பார்க்கிறோம்."

ஒரு கை தலையைக் கோதப் போனது. இன்னொன்று சட்டைப் பைக்குள் போனது.

மேயர் தலையை நிமிர்த்தினார். அவர் பார்வை மேசைமேல் இருந்த கைகளில் விழுந்தது. பல்லையும் எலும்பையும் பார்த்துப் பழகிய கண். என்ன ஒடிந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலிருக்காது. அவர் முகம் வெளுத்திருந்தது. "மூன்றாம் தடவை. உறுதி செய்யலாமா?" என்றார். குரல் இந்தத் தடவை அவ்வளவு மெல்லியதாக இல்லை.

லாரிக்காரரின் பிடி முடியில் இருந்தது. மறுபடி மோதினால் சத்தம் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மின்விசிறி சுற்றியது.

"மன்றம் மௌனம். பொருள் மீண்டும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்படும்."

லாரிக்காரர் முடியை விட்டார். கையில் ஒட்டிய ரத்தத்தைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு மேயர் பக்கம் திரும்பினார். "மணி நின்னுட்டிருக்கும்போது காவலர் என்மேல கை வச்சிருக்கா. இதைக் குறிச்சுக்கோங்க."

"நான் உங்களைத் தொடல சார்" என்றாள் கிடுக்கி. "மேசையைத்தான் தொட்டேன். நீங்கதான் என்னைத் தொட்டீங்க."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் லாரிக்காரருக்குத் தீர்மானம் போனதை விட அதிகமாக வலித்தது. "இவ வெளிய போகாம நான் உட்கார மாட்டேன்" என்றார்.

மேயர் இரண்டு பக்கமும் பார்த்தார். "காவலரை வெளியே கூட்டிட்டுப் போங்க" என்று ஆண் காவலர்களிடம் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண்ணைத் தொட்டு வெளியேற்ற அவர்களுக்கு உத்தரவில்லை. அதற்கென்று இருந்த ஒரே ஆள் இவள்தான்.

"யாரும் சிரமப்பட வேண்டாம்" என்று அவளே நடந்தாள். கைகள் இரண்டையும் முன்னால் ஏந்தியபடி, யாரிடமோ எதையோ வாங்கப் போகிறவள்போல. கதவின் பிடியைத் திருப்ப முடியாமல் நின்றாள். தம்பி ரத்தம் வழிய ஓடி வந்து திறந்தான்.

வெளியே நடைபாதை பெஞ்சில் அவளை உட்கார வைத்தான். விரல்கள் கண் முன்னாலேயே ஊதிக்கொண்டிருந்தன. ஒன்று மற்றொன்றின்மேல் ஏறிப் படுத்திருந்தது. அவற்றை அதற்கப்புறம் எந்த வைத்தியமும் முழுதாக மடக்க வைக்கவில்லை. மன்றத்தில் அந்த வேலைக்கு வேறொரு பெண் வந்தாள், கிடுக்கியைப் பார்வையாளர் வாசலில் உட்கார வைத்தார்கள். சந்து விவகாரம் விவாதத்துக்கு வருவதும் தள்ளிப்போவதுமாக இழுபட்டது. கதவுகளில் சிவப்புக் குறி மங்கியும் மங்காமலும் இருக்க, சுத்தியல் சத்தம் காலையில் ஆரம்பித்துச் சாயங்காலம் ஓய்ந்தது. ஆனால் அதெல்லாம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு அப்போது தெரியாது.

"வாக்கா, வைத்தியசாலைக்குப் போகலாம். எந்திரி."

உள்ளே செயலரின் குரல் கேட்டது. தெருவிளக்கு பல்பு மாற்றும் பொருள். மேசைகள் தடதடவென்று அதிர்ந்தன, ஒன்றும் நடக்காததுபோல. கிடுக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டு விருட்டென்று நிமிர்ந்தாள்.

"நீ உள்ள போடா."

"அக்கா, உன் கையைப் பாரு."

"கை எங்கயும் ஓடிப் போகாது. நீ இங்க நிக்கிற நேரத்துல அந்த லாரிக்காரன் எதைப் படிக்க வைக்கிறானோ. போய் உன் இடத்துல உட்காரு."

அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் தள்ளி உள்ளே போனான். கிடுக்கி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, மூடிய கதவின் பக்கம் காதைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.